இரண்டாவது பீப்

என் நாத்தனாரிடம் பதின்மூன்று விதமான "சீ" உண்டு. ஆடை படிந்து ஆறிப்போன டீக்கு ஒன்று, ஈரக் கையால் கதவைத் தொடுகிறவர்களுக்கு ஒன்று, பொய் பேசுகிறவர்களுக்கு ஒன்று. என் சமையலுக்கென்றே தனியாக ஒன்று வைத்திருக்கிறாள். ஆனால் டிஜிட்டல் ரேடியோவுக்காக அவள் புதிதாகக் கண்டுபிடித்த பதினான்காவது "சீ" இருக்கிறதே, அதைக் கேட்டு எங்கள் சமையலறைப் பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது. வாலை எடுத்து வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அவள் நூலாலையில் சங்கு ஊதுகிறவள். சங்கு என்றால் கூரைமேல் இருக்கும் மின்சாரச் சங்கு. அதன் பொத்தான், புறா எச்சம் நாறும் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. அந்த அறைக்கு அவளைத் தவிர ஒருவரும் போவதில்லை. ஆனாலும் தினமும் பொத்தானைத் துடைக்காமல் தொடமாட்டாள். காலை எட்டு மணிக்கு ரேடியோவில் ஐந்து குட்டி பீப்பும் ஒரு நீள பீப்பும் வரும். நீள பீப் தொடங்குகிற அதே நொடியில் சங்கு அலறும், வாயில்காவலர் கதவை இழுத்து மூடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நொடி பிசகியதில்லை. ஆலை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் "வினாடி அக்கா". அந்தப் பேட்டைச் சேவல்கள்கூட இவள் ஊதிய பிறகுதான் கூவும் என்று நான் சொல்வேன். சேவல் எட்டு மணிக்கா கூவும் என்று கேட்காதீர்கள்.

பழைய ஒலிபரப்பு மாதக் கடைசியோடு நின்றுவிடும், இனி எல்லாம் டிஜிட்டல் என்று அறிவிப்பு வந்தது. மேனேஜர் முந்திக்கொண்டார். ஒரு பெட்டி நிறையப் புது ரேடியோ வாங்கி அறைக்கு ஒன்றாக வைத்தார். சங்கறையில் இருந்த பழையதைத் தூக்கிக் குப்பைக்குப் போட்டார். அதே வாரம் வாயிலில் அட்டை தேய்க்கும் கருவி ஒன்றும் வந்தது. அது நொடிவரை நேரம் அச்சடிக்கும். எட்டு தாண்டினால் சிவப்புக் குறி, மூன்று குறி விழுந்தால் வேலை நீக்கக் கடிதம். "விதி எல்லாருக்கும் ஒண்ணு, எனக்கும் சேர்த்துதான்," என்று நாற்காலிமேல் ஏறி நின்று முழங்கினார்.

மறுநாளே பதினோரு பேருக்குச் சிவப்பு விழுந்தது. அத்தனை பேரும் சங்கு ஊதுவதற்கு முன்பே உள்ளே வந்தவர்கள். மூன்றாம் நாள் ஒரு நூல் சுற்றுகிறவள் சங்கறை வாசலுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"உங்க சங்கை நம்பித்தானே அக்கா இத்தனை வருஷம் ஓடி வந்தோம்? எனக்கு ரெண்டு குறி ஆயிடுச்சு. இப்படிக் கழுத்தறுக்கலாமா?"

"நான் பீப்புக்குத்தான்மா ஊதினேன்."

"அப்போ மிஷின் பொய் சொல்லுதா?"

அன்று சாயங்காலமே மேனேஜரிடமிருந்து ஓலை. நாத்தனார் தினமும் நான்கு நொடி தாமதமாக ஊதுகிறாளாம், வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறாளாம். மூன்று நாளில் விளக்கம் தராவிட்டால் சங்கறையைப் பூட்டிவிட்டு அவளைக் கழிவுப் பஞ்சு பொறுக்கும் கூடத்துக்கு மாற்றிவிடுவாராம். எச்சில் துப்பிய மூலைகளும் எலிப் புழுக்கையும் நிறைந்த கூடம் அது. அவளுக்கு அது நரகத்தின் பின்கட்டு.

புது ரேடியோவை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு நேரே என் சமையலறைக்கு வந்தாள்.

"தொட்டாலே பிசுபிசுன்னு இருக்கு அண்ணி. வாந்தி வருது. உங்க பழைய ரேடியோ உயிரோட இருக்கா?"

"உன்னை மாதிரிதான். இருமிக்கிட்டே பேசும்."

இரண்டையும் மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் ரேடியோ கரகரப்போடு செய்தி சொன்னது. அது சொன்னதையே சற்றுப் பொறுத்து அவளுடையது சொன்னது, பெரியவர்கள் பேசுவதைப் பின்னால் நின்று பழிப்புக் காட்டுகிற குழந்தை மாதிரி. ஏழு மணி பீப் வந்தது. என்னுடையது ஐந்து குட்டியும் அடித்து நீள பீப்பைத் தொடங்கியபோது, அவளுடையது அப்போதுதான் இரண்டாவது குட்டியில் நின்றது!

நாத்தனாரின் முகம் கோணியது. பல்லி வாலை விட்டது அப்போதுதான்.

"மணி சொல்ல வந்தவனே லேட்டா வர்றான் அண்ணி! இவன் பேச்சைக் கேட்டு நான் பதினோரு பேர் தலையில சிவப்புப் பூசிட்டேன்."

மறுநாள் இரண்டு பெட்டிகளையும் மேனேஜர் மேசைமேல் வைத்து, அடுத்த மணியை அவர் காதாலேயே கேட்க வைத்தாள். அவர் வியர்த்துப்போய் விற்ற கடைக்கு ஃபோன் போட்டார். கடைக்காரர் குரல் அறை முழுக்கக் கேட்டது: "குரலை எண்ணா மாத்தி, மூட்டை கட்டி அனுப்புறாங்க சார். பெட்டி அதை அவுத்து அடுக்கித்தானே பேசணும்? நாலு நொடி ஆகத்தான் செய்யும்."

"இதை வாங்கறப்போ சொல்ல வாய் வரலையா?" என்றாள் நாத்தனார்.

"யாரும்மா கேட்டீங்க?"

சிவப்புக் குறிகள் அழிக்கப்பட்டன. ஓலை கிழிக்கப்பட்டது. நூல் சுற்றுகிறவள் வந்து, "மன்னிச்சுக்கோங்க அக்கா," என்றாள். மேனேஜர் மட்டும் மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லையும் சொன்னார். கடைசியில், "சரிம்மா, இனிமே ரெண்டாவது பீப்புக்கே ஊதிடுங்க," என்றார்.

தப்பை நம்பிச் சரியாக ஊத வேண்டும்! அன்றைக்கு அவள் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பழைய ஒலிபரப்பு நின்றது. என் சமையலறை ரேடியோ வெறும் இரைச்சலானது. அதற்கு மறுவாரம் ஒரு நாள் மேனேஜர் வாயிலுக்கு வெளியே காரை நிறுத்தி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபடி செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். காரிலும் புது ரேடியோதான். பீப் தொடங்கியது. ஆறு பீப் முடிவதற்குள் பத்தடி நடக்க முடியாதா என்ன என்று பையை எடுத்தார். இரண்டாவது பீப். கூரைமேல் சங்கு அலறியது. கதவு மூடியது.

"யோவ், இன்னும் நாலு பீப் பாக்கி இருக்குய்யா!"

வாயில்காவலர் கம்பி வழியாக மரியாதையாகச் சொன்னார்: "உள்ள எட்டு ஆயிடுச்சு சார். கார்லதான் இன்னும் ஆகலை."

அட்டையைத் தேய்த்தார். சிவப்பு. நாற்காலிமேல் ஏறிச் சொன்ன விதி அல்லவா, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்று மாலை வந்தவளிடம், "ஜெயிச்சுட்டியேடி," என்றேன்.

"என்னத்த ஜெயிச்சேன்? சங்கு ஊதி, கதவு மூடி, அவர் அங்க நின்னு கத்தி, எல்லாம் ஆனப்புறம் அந்த ரேடியோக்காரன் சாவகாசமா வந்து, 'நேரம் சரியாக எட்டு மணி'ங்கறான். சரியாகவாம், சரியாக! கேட்டாலே குமட்டுது அண்ணி."

இப்போது அவள் அதைக் கேட்பதில்லை. இரண்டாவது பீப்புக்கு ஒரு கை சங்குப் பொத்தானை அழுத்துகிறது. அதே நொடியில் மறு கை, துணி சுற்றிய ஒரு விரலால், ரேடியோவின் வாயை அடைக்கிறது.