மோர் ஊற்றிய இன்ஜினியர்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரக் கம்பெனி. அங்கே வேலை செய்யும் வெளிநாட்டு இன்ஜினியர்களின் வேலை அனுமதிப் பாஸ், குடும்பத்தாரின் விசா எல்லாம் ஜெகதீஸ்வரியின் பொறுப்பு. விதி என்றால் அவளுக்கு விதிதான். பாஸ்போர்ட்டை மங்கலாக நகலெடுத்து வந்தால் மேனேஜரையே திருப்பி அனுப்பிவிடுவாள். "ஜெகா அக்காகிட்ட போறதும் ஒன்னுதான், குடிநுழைவு இலாகாவுக்குப் போறதும் ஒன்னுதான்" என்று கேண்டீனில் கிண்டல் செய்வார்கள். அது அவள் காதுக்கும் வரும். உள்ளூரப் பெருமைதான்.

இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு தைப்பூசத்தில் சறுக்கினாள்.

கம்பெனியின் தமிழ் ஊழியர்கள் ஆண்டுதோறும் தண்ணீர்மலை சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். பூசத்துக்கு முதல் நாள், ரதம் வரும் அன்று, கம்பெனிக்கு விடுமுறை கிடையாது. ஆளாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு போய் நிற்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் வேலுவுக்கும் போக ஆசை. ஆனால் ஊரிலிருக்கும் மகளின் காதுகுத்துக்காக அவன் லீவைத் தொடாமல் வைத்திருந்தான். ஜெகதீஸ்வரிக்கு மனசு கேட்கவில்லை. சாமி காரியம்தானே என்று, அன்றைக்கு அவன் கம்பெனி வேலையாக வெளியே போயிருப்பதாக சிஸ்டத்தில் பதிந்துவிட்டாள். போதாக்குறைக்குக் கம்பெனிச் சட்டையையும் மாட்டி அனுப்பினாள்.

வேலு சும்மா நிற்கிற ஆளா? ஏப்ரன் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, அண்டா அண்டாவாக மோர் ஊற்றினான். யாரோ அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். முன்னால் மக்கள் வரிசை, பக்கத்தில் நன்கொடை உண்டியல், தலைக்கு மேலே கம்பெனிப் பெயர். விஷயம் தெரியாத கண்ணுக்கு அது அசல் கடைதான்.

கொஞ்ச நாளில் புகார் போய்விட்டது. இன்ஜினியர் பாஸில் ஆளைக் கொண்டுவந்து மோர் விற்க வைக்கிறார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நாளை அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று இலாகாவிலிருந்து தகவல் வந்தது. விசாரணை முடியும்வரை வேலுவின் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். பாஸ் புதுப்பித்தால்தான் மனைவி சுபாஷினியையும் மகளையும் பினாங்குக்கு அழைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் அவனே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேனேஜர் ஹரீஷ் அவள் மேசைக்கே ஓடிவந்தான். "அலமாக்! அக்கா, இதுக்குப் போய் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? அந்த நாள லீவுன்னு மாத்திடுங்க லா. சொந்த லீவுல கோயிலுக்குப் போனான், அவ்ளோதான். கேஸ் முடிஞ்சது."

ஒரு சொடுக்கு வேலை. அவளுக்கும் கை பரபரத்தது. வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் தங்கராஜு சம்பல் கிளறிக்கொண்டிருந்தார். இளம் வயதில் வெல்டர் வேலை என்று நம்பி வெளிநாடு போனவர். போன இடத்தில் மூட்டை தூக்க விட்டார்கள், கக்கூஸ் கழுவ விட்டார்கள். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பியபோது மனிதர் பாதியாக இருந்தார். அதைப் பற்றி அவர் பேசுவதேயில்லை.

அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அடுப்பை அணைத்தார்.

"அங்க என்னைக் கேக்க ஒரு ஆள் வரல லா, ஜெகா. தெனம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். வேலுவுக்கு ஒருத்தவங்க வராங்க. தப்போ சரியோ, வராங்கல்ல? அவங்ககிட்ட பொய் சொல்லாத."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாசலைப் பார்த்த கதையை அவர் சொன்னதில்லை. ஜெகதீஸ்வரி சம்பல் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வந்த அதிகாரி மர்ஜானா, ஜார்ஜ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். முதலில் வேலுவை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹரீஷும் கூடவே நுழையப் பார்த்தான், நடக்கவில்லை. பிறகு ஜெகதீஸ்வரியைக் கூப்பிட்டாள்.

"அவரு யாருக்கும் தெரியாம, தானாவே போனேன்னு சொல்றாரு. அப்படியா அக்கா?"

ஜெகதீஸ்வரிக்குப் பகீரென்றது. பாவி, இவளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானே!

"இல்ல மேடம். கம்பெனி வேலைன்னு பதிஞ்சது நான். சட்டையக் கொடுத்து அனுப்புனதும் நான்தான். அவருக்கு ஒரு நாள் லீவு மிச்சமாகட்டும்னு செஞ்சேன். ஆனா அங்க விக்கல மேடம். சும்மாதான் கொடுத்தாங்க."

"தெரியும். நானும் சின்ன வயசுல அந்த ரோட்டுல மோர் குடிச்சிருக்கேன்" என்றாள் மர்ஜானா. "அதுக்காக விட்டுட முடியாது. நெசமாவே இன்ஜினியர்னு கூட்டிட்டு வந்து கோப்பை கழுவ விட்டிருக்காங்க, நானே பாத்திருக்கேன். நீங்க பதிஞ்சது தப்பு. உங்க பேருக்கு எச்சரிக்கை வரும். பரவாயில்லையா?"

"வரட்டும் மேடம். அவர தனியா கூப்பிட்டுக் கேட்டீங்கல்ல, அது போதும். அந்த மாதிரி எல்லா எடத்துலயும் போய்க் கேளுங்க."

மர்ஜானா ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேலுவின் இயந்திரத்தைக் காட்டச் சொல்லி, அவன் அன்றாடம் செய்யும் வேலையை மதியம்வரை கூடவே நின்று பார்த்தாள்.

எச்சரிக்கை சொன்னபடி வந்தது. அந்த வருஷப் பதவி உயர்வு ஜெகதீஸ்வரிக்குக் கைநழுவிப் போனது. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் உர்ரென்று இருந்தாள். பின்னே, அவளும் மனுஷிதானே. வேலுவின் லீவில் ஒரு நாள் போனது. காதுகுத்துக்குப் போன சுருக்கில் திரும்பினான். ஆனால் பாஸ் கிடைத்தது. ஆவணி பிறக்கும்போது குடும்பத்துக்கும் கிடைத்தது.

விமான நிலையத்துக்கு ஜெகதீஸ்வரியும் போயிருந்தாள். சுபாஷினி குழந்தையை இறக்கிவிட்டு, "அப்பா எங்க, காட்டு" என்றாள். குழந்தை எதிரே நின்ற வேலுவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மா கையிலிருந்த ஃபோனை வாங்கி, அணைந்திருந்த திரைக்குள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது.

வேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இங்க இருக்கேன்டா தங்கம்."

குழந்தை குரல் வந்த பக்கம் திரும்பியது. வெகுநேரம் பார்த்தது. பிறகு ஃபோனை ஜெகதீஸ்வரியின் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டது.