பருப்புக்கீரையில் இறங்கிய வரியன்

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வந்து எங்கள் வாசலோரப் பருப்புக்கீரையில் இறங்கியது. இறங்கினால் இறங்கட்டும். எங்கள் ஊர் உச்சிப்புளியில் ஆரஞ்சு நிறத்தில் கருப்பு ஓரத்தோடு எது பறந்தாலும் அது வெந்தய வரியன்தான். சாலையோரம் முழுக்க எருக்கு, எருக்கு முழுக்க அதன் புழு. ஆனால் இது வயிற்று நுனியை வளைத்து, இலைக்கடியில் எதையோ ஒட்டியது. பிறகு அடுத்த இலை. கையில் மூத்தவள் லாத்தாவின் துப்பட்டா சொட்டிக்கொண்டிருக்க, எனக்குச் சுருக்கென்றது. எருக்கில் முட்டையிட வேண்டியதற்குக் கீரையில் என்ன வேலை?

ஒருவேளை இது அதில்லையோ?

துப்பட்டாவை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். தேடியதில் டனாய்ட் எக்ஃப்ளை என்று ஒன்று வந்தது. அதன் பெண், வெந்தய வரியனின் வேஷத்தை அப்படியே போட்டுக்கொள்ளுமாம். எருக்கு தின்று வளர்ந்த வரியனைப் பறவைகள் தொடாது. அந்தப் பயத்தில் இதுவும் பிழைத்துக்கொள்ளும். முட்டையிடுவது பருப்புக்கீரையில். ஆணோ வேறு மாதிரி, கருப்பில் பெரிய வெள்ளைப் பொட்டுகள். அந்த ஆணின் படம் என்னிடமே இருக்கிறது. இதே வாசலில் ஒரு வரியனைத் துரத்திக்கொண்டிருந்தபோது எடுத்தது. படத்துக்கு 'ரவுடி' என்று பெயர் வைத்திருந்தேன். அது அடிக்கத் துரத்தியதா, ஆசையில் துரத்தியதா? இப்போது யாரைக் கேட்பது?

பின்சிறகைப் பார்த்தால் தெரியுமாம். வரியனுக்கு நடுவில் சில கரும்புள்ளிகள். மற்றதற்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று. பழைய படங்களைத் திறந்தேன். பாதிப் படங்களில் சிறகு மூடியிருக்கிறது. ஒன்றில் சரியாக அந்த இடத்தையே ஏதோ கடித்துவிட்டுப் போயிருக்கிறது. இன்னொன்றில் இரண்டு புள்ளி, அல்லது ஒரு புள்ளியும் ஒரு நிழலும். இப்போது எடுத்ததோ, காற்றில் ஆடி வெறும் ஆரஞ்சுக் கறை. என்னோடு பூச்சி பார்க்க வரும் ஆர்.எஸ்.மங்கலத்துத் தோழிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன்.

"ஏன்டி, இதத் தப்பாச் சொல்றவளுக்குக் கண்ணே இல்லைன்னு நீதான சொன்ன?" என்று குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரே சிரிப்பு.

சொன்னேன்தான். இனி அந்த முட்டை பொரிந்து புழு வந்தால்தான் எனக்கு விடிவு.

அப்போது பார்த்து உம்மா அரிவாளோடு வந்தாள். சாயந்தரம் லாத்தாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். நாற்காலி போட இடம் வேண்டும். கீரை கூட்டுக்கு ஆகும்.

"உம்மா, தொடாத! முட்டை இருக்கு!"

"கீரையில முட்டையா?"

"பூச்சி முட்டை."

"சீ! அப்ப மொதல்ல பிடுங்கணும்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"ஒருத்திக்குப் பேசி முடிக்க ஆளு வாராங்க, இவ பூச்சிக்குப் பேறுகாலம் பாக்குறா" என்றாள் உம்மா.

லாத்தா எட்டிப் பார்த்து என் போனைப் பிடுங்கினாள். "மாப்பிள்ளை போட்டோவையே நான் இம்புட்டுப் பெருசாக்கிப் பாக்கலடி. ரெண்டும் ஒரே ஆளுதான?"

"அதான் தெரியல."

"தெரியாமத்தான் இந்தக் கத்து கத்துனியா?"

உம்மா பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "வேண்டியத அள்ளிக்க. நான் அந்தப் பக்கமிருந்து அறுத்துக்கிட்டு வாரேன்."

அகப்பையால் மணலோடு தோண்டினேன். எந்தச் செடியில் உட்கார்ந்தது? இதிலா, பக்கத்திலா? இலைகளைத் திருப்பினால் முட்டை மாதிரி சின்னச் சின்னதாக நிறைய இருந்தன. ஊதினால் பாதி பறந்தது, மணல். பறக்காமல் ஒட்டியிருந்ததை எல்லாம் முட்டை என்று வைத்துக்கொண்டேன். தலைக்கு மேல் கடற்படை விமானம் போனதில் உம்மாவின் மிச்ச ஏச்சு காதில் விழவில்லை. அரிவாள் என் விரல் வரை வந்துவிட்டது. கிடைத்தவரை வாளியில் நட்டேன்.

மதியம் கூட்டை நான் தொடவில்லை.

சாயந்தரம் வந்தவர்களில் ஒருவர், கொசுவலை போர்த்திய வாளியைப் பார்த்து, "அது என்ன?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உம்மா, "சின்னவ படிப்புக்கு" என்று முடித்துவிட்டாள். படிப்பா அது? நானே குழம்பிப்போய் நிற்கிறேன்.

வாளி இப்போது குளியலறைச் சுவர் நிழலில் இருக்கிறது. உடம்பெல்லாம் முள்ளாக ஒரு புழு வளர்ந்தால் எக்ஃப்ளை. வரிவரியாக வளர்ந்தால் வரியன். ஆனால் வரியன் குஞ்சு கீரை தின்னாதே, வளருவதற்கு முன்னால் செத்துவிடுமே. ஒன்றுமே வராவிட்டால், அது வரியன் என்று அர்த்தமா, நான் மணலை நட்டேன் என்று அர்த்தமா?

ஒப்பிட இன்னொன்று வேண்டும். விடிந்ததும் சாலையோர எருக்கில் முட்டையுள்ள ஒரு கிளையை ஒடித்து வந்து, பக்கத்திலேயே வைத்து இரண்டையும் பார்க்கப் போகிறேன். எருக்குப் பால் வாசலில் சொட்டினால் உம்மா விடமாட்டாள். அதற்கும் ஒரு வாளி கேட்க வேண்டும். தொழுது முடிக்கட்டும், கேட்கிறேன்.