ஜோடி சேராத கத்திரிக்கோல்காரன்

கணவனைக் கொண்டுபோன கிருமியின் நொதியைத்தான் அவள் ஆய்வுக்கூடத்தில் அளந்துகொண்டிருந்தாள். வீம்புக்கு எடுத்துக்கொண்ட வேலை என்று கூட இருப்பவர்கள் நினைத்தார்கள். அப்படியில்லை. அவன் நோயில் படுப்பதற்கு முன்பே அவள் தலையில் விழுந்த வேலை அது. பாதியில் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் மிஞ்சியது அவளும் மாமனாரும். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் போனபின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்கள். ஒருநாள் அவராகவே வாயைத் திறந்தார்.

“அங்க என்னதாம்மா பண்றீங்க?”

அவள் சொன்னாள். கிருமி தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்கிறது. அதை வெட்டிப் பிரித்தால்தான் அது பெருக முடியும். வெட்டுவது இந்த நொதி. அதுவும் நூல்போல் பிறந்து, மடிந்து, உருவம் பெறுகிறது. ஆனால் ஒண்டியாக இருந்தால் வெட்டத் தெரியாது. இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, எவ்வளவு சுலபமாகப் பிரிகிறது என்று பார்ப்பதுதான் அவள் பாடு.

“டிரைவரும் கண்டக்டரும் ஏறினாத்தான் வண்டி கிளம்பும்ங்கற மாதிரி.”

“இதுல ரெண்டு பேருமே டிரைவர், மாமா.”

“அப்ப வண்டி போய்ச் சேர்ந்தாப்லதான்!”

சிரித்துவிட்டார். சிரித்ததற்காக வெட்கப்பட்டவர்போல் உடனே தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அதிலிருந்து தினமும் அதே விசாரிப்பு. “கத்திரிக்கோல்காரன் ஜோடி சேர்ந்தானா?” சேர்கிறான், ஆனால் பிடி தளர்ச்சி, சீக்கிரம் கழன்றுவிடுகிறான் என்பாள். அவருக்கு அது போதும். எதிரி நோஞ்சான் என்று கேட்ட சந்தோஷம். டீக்கடையில் போய், மருமகள் மருந்து கண்டுபிடிப்பதாக அளந்துவிடுவார். அவள் திருத்தவில்லை. பிடி தளர்ச்சி என்று அவள் எழுதிய கட்டுரையும் அச்சில் வந்தது.

பிறகு வேறொரு ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அதே நொதியை அளந்து, பிடி இரும்புப் பிடி என்றார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் புரதத்தை எடை பார்க்கும் கருவியில் ஏற்றினாள். இருக்க வேண்டியதைவிட ஒரு துளி கூடுதல். புரதத்தைப் பிரித்தெடுப்பதற்காக அதன் தலைமாட்டில் ஒரு ஒட்டு சேர்த்திருந்தாள். பிறகு அதை வெட்டியபோது சின்ன மிச்சம் தங்கிவிட்டது. ஜோடியின் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டிய முனை அந்தத் தலைமாடுதான். உட்கார விடாமல் தடுத்தது அவள் விட்டுவைத்த மிச்சம். அத்தனை நாள் அளந்தது நொதியை அல்ல, தன் கைப்பிழையை.

வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் மழுப்பினாள். ஒரு கட்டத்தில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னம்மா ஆச்சு? மறைக்காத.”

“எல்லாம் தப்பு மாமா. அவன் நல்லா இறுக்கமாத்தான் சேர்றான். நான்தான் சேர விடாம வச்சிருந்திருக்கேன். மருந்து கிருந்துன்னு நீங்க எல்லார்கிட்டயும்...”

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

“மருந்து வந்தா மட்டும் என் புள்ள எழுந்து வரப்போறானா? வீட்ல பேச்சு சத்தமே இல்லாம போச்சு. உன் வேலையைக் கேட்டாத்தான் நீ வாயைத் திறக்கற. அதுக்குத்தாம்மா கேட்டேன்.” தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவன் குழந்தையில பேசற பேச்சுக்குக் காது வலிக்கும் எனக்கு.”

அன்றுதான் இருவரும் அவனைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் எதிரில் ஒருவர் அழுததும் அன்றுதான்.

கட்டுரையில் பிழை என்று அவளே எழுதி அனுப்பிவிட்டு, மிச்சமில்லாத புதுப் புரதம் செய்ய இறங்கினாள். அது பாதியில் இருக்கும்போது ஒரு காலை அவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

விடுப்பு முடிந்து வந்து பார்த்தால், குளிர்ப்பெட்டியில் வைத்த புரதம் திரிந்த பால்போல் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு கிடந்தது. கொட்டிவிட்டு, புரதத்தைச் செய்து தரும் பாக்டீரியாவை வளர்ப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

கடைசியில் சரியான அளவு கிடைத்தது. மேலதிகாரி பார்த்துவிட்டு, “இப்பதான் சரி,” என்று சொல்லிக் கிளம்பிப் போனார். அவள் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினாள். கழுவியவற்றையே இன்னொரு தடவை கழுவினாள்.

பூட்ட வந்த காவலாளி வாசலில் நின்றார். “வீட்டுக்குப் போகலையாம்மா?”

“போகணும்,” என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.