பல்லி விழுந்த பால்

மயிலாப்பூரில் திருக்குளத்திற்கு மேற்கே, ஓர் இரண்டாம் மாடியில், மனைவி மறைந்த பின் தனித்து வாழ்கிறேன். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். பேச்சில் பிறமொழி கலவாதிருக்க முயல்பவன். காலை எட்டு மணிக்குச் சமையல் செய்ய ஓர் அம்மையார் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருவார். பதினொன்றுக்கு முன்பாகவே ஆழ்வார்பேட்டையில் இன்னொரு வீட்டுச் சமையலுக்குப் புறப்பட்டுவிடுவார். நான் வாய் திறப்பது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

முதல் நாள், காப்பியைத் தூய தமிழில் “குளம்பி கொடுங்கள் அம்மா” என்று கேட்டேன். அரை மணி கழித்துப் புளிக்குழம்பு வந்தது. “சார்” வேண்டாம், “ஐயா” போதும் என்றும் கேட்டுக்கொண்டேன். அன்று முதல் “அய்யா சார்” ஆனேன்.

அவர் மாலைதோறும் ஒரு நெடுந்தொடர் பார்ப்பவர். மறுநாள் காலை அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமே என்பதற்காக நானும் பார்க்கத் தொடங்கினேன். என் மாணவர் எவரேனும் அறிந்தால் நகைப்பர். ஒரு வாரம் அத்தொடரில் மாமியார் பாயசத்தில் பல்லியை இட்டுவிட்டார். உண்டவர் அனைவரும் வாயில் நுரை தள்ளி, உடல் நீலம் பாய்ந்து விழுந்தனர்.

மறுநாள் நான் விளக்க முற்பட்டேன். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு நஞ்சே கிடையாது. அழுக்கினால் வயிறு கெடலாம், அவ்வளவே. திரையில் காட்டுவன எல்லாம் இப்படித்தான். கரப்பானைக் கண்டால் நாயகி பாய்ந்து நாயகன் தோளில் ஏறுவாள். இங்கே, இருந்தவரை, என் மனைவி விளக்குமாற்றால் ஒரே அடியில் முடித்துவிடுவாள். சித்திரப் படங்களில் எலிப்பொறிக்குள் பாலாடைக் கட்டி வைப்பார்கள். மயிலாப்பூர் எலியோ மசால்வடைக்கும் சுட்ட தேங்காய்க்கும்தான் அகப்படும். பழம்பாடல்களில் பிரிந்திருப்பவளுக்குத் தலைவனின் வரவைச் சொல்லும் நல்லுயிர் பல்லி. அதைத் தொலைக்காட்சி கொலையாளி ஆக்கிவிட்டது.

அம்மையார் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டார். “நீ புக்குல பாத்து சொல்ற அய்யா சார். பல்லி இன்னா புக்கு படிச்சிக்கினா கீது?”

பத்து நாள் கழிந்திருக்கும். காலைக் குளம்பியை அருந்திவிட்டு நாளிதழை விரித்திருந்தேன். மிச்சப் பாலுக்கு உறை ஊற்றச் சென்ற அம்மையார் அலறினார். மூடாதிருந்த பாத்திரத்தில் ஒரு பல்லி செத்து மிதந்தது.

“ஐயோ, அத்தத்தானே உனக்கு ஊத்திக் குடுத்தேன்! நானே கொன்னுட்டேனே!”

“நஞ்சில்லை அம்மா. நான் பருகிய பிறகுகூட விழுந்திருக்கலாம்.”

அது அவர் செவியில் ஏறவில்லை. என் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மணி பதினொன்றை நெருங்கியது. வாயிலில் கிடந்த தம் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தல சுத்துதா?”

“சற்றே” என்றேன்.

“சத்தேன்னா இன்னா? கொஞ்சமா, நெறையவா?”

“கொஞ்சம்.”

தலை சுற்றவில்லை. ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொன்று நிற்குமா என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவன், அந்த ஒரு சொல்லைத் தெரிந்தே பொய்யாகச் சொன்னேன்.

அவர் ஆழ்வார்பேட்டைக்குக் கைப்பேசியில் பேசினார். “இன்னிக்கு வர முடியாதும்மா. இங்க பெரியவருக்கு ஒடம்பு சரியில்ல.” மறுமுனையில் குரல் உயர்ந்தது எனக்கும் கேட்டது. அவர் கைப்பேசியை இடுப்பில் செருகிவிட்டுத் தரையில் அமர்ந்தார்.

எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். மிளகு நீர் வைத்தார். நான் உறங்கிவிடலாகாது என்று பேசிக்கொண்டே இருந்தார். மருமகனின் குடி, மூட்டு வலி, முதன்முதலில் மின்தூக்கியில் ஏறிப் பயந்தது என எல்லாம் வந்தது. சுவரிலிருந்த என் மனைவியின் படத்தைப் பார்த்து, “அம்மா கையில எது நல்லா வரும்?” என்றார். அவள் மறைந்த ஏழாண்டுகளில் எவரும் அதைக் கேட்டதில்லை. “வற்றல் குழம்பு” என்று தொடங்கியவன், அவள் அதில் சேர்த்த ஒரு துண்டு வெல்லம் வரைக்கும் சொன்னேன். அந்த வீட்டில் அவ்வளவு நேரம் என் குரலை நானே கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு மீண்டும் கைப்பேசி ஒலித்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மடியில் வைத்தார்.

“நாளைலேர்ந்து வர வேணாமாம்.” அதை மீண்டும் இடுப்பில் செருகியபடி, “போனா போது. நீ பொழச்சியே, அது போதும்” என்றார்.

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. தலை சுற்றவே இல்லை, பொய் சொன்னேன் என்றேன்.

“அப்ப எதுக்கு அய்யா சார் அப்டி சொன்ன?”

“நீங்கள் போய்விடுவீர்கள் என்று.”

மிளகு நீர்க் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அதுக்கு எதுக்கு பல்லி? இவ்ளோ படிச்சிக்கினுகீற, இருன்னு ஒரு வார்த்த சொல்ல வரலியா?”

அவரிடம் கைப்பேசி எண்ணை வாங்கி ஆழ்வார்பேட்டை அம்மையாரிடம் நானே பேசினேன். பிழை என்னுடையது என்றேன், மன்னிப்பும் கேட்டேன். அந்த வீட்டு அம்மையார் இறங்கி வந்தார். ஆயினும் ஒரு நிபந்தனை வைத்தார். இனி ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கு வந்துவிட வேண்டும்.

ஆகவே இப்போது சமையல் அம்மையார் பத்து மணிக்குள் புறப்பட்டுவிடுகிறார். பேசிக்கொண்டே காய் நறுக்க நேரமில்லை. கூடத்திற்கு வராமல் அடுக்களையிலேயே நின்று முடித்துவிடுகிறார். சினம் இல்லை என்றுதான் சொல்கிறார்.

நேற்று அவர் செருப்பை மாட்டும்போது, “இருங்கள்” என்று சொல்லிப் பார்த்தேன். தெருவில் தண்ணீர் வண்டி பின்வாங்கும் இரைச்சல். அவர் செவியில் விழவில்லை போலும், படியிறங்கினார். இரண்டாம் முறை நான் சொல்லவில்லை.