ஊதாச் சட்டை ஜெயித்தால் நமக்கு வேலை இல்லை

1. கையுறையில் ஏலக்காய்

அன்று காலை மெயிலைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஒரு கோல் கீப்பரின் கை. பெரிய கையுறை, அதன் நடுவே ஒற்றை ஏலக்காய். கீழே, 'இது என்ன, எங்கள் மைதானத்துக்கு எப்படி வந்தது?' என்று எங்களிடம் சரக்கு வாங்கும் நெதர்லாந்துக்காரர் ஒருவர் கேட்டிருந்தார்.

ராசிங்காபுரம் பக்கம் தேங்காய் நார்த்தூள் கம்பெனி ஒன்றில் நான் லேப் இன்சார்ஜ். மட்டையிலிருந்து நாரை உரித்தெடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, உப்பு இறக்கி, களத்தில் காயவைத்து, சலித்துக் கன்டெய்னரில் ஏற்றுவோம். பெரும்பாலும் செடி வளர்க்கிறவர்கள்தான் வாங்குவார்கள். இந்தப் பார்ட்டி மட்டும் வேறு. அந்த நாட்டின் முதல் டிவிஷனில் ஆடும் ஒரு சின்ன கால்பந்து கிளப். அவர்கள் மைதானத்தில் செயற்கைப் புல். விழுந்தால் முழங்கால் தேயாமல் இருக்க, அந்தப் புல்லுக்கு நடுவே நம் தூளைத் தூவுகிறார்கள். வருஷம் பூராவும் டாப்-அப் போகும். எங்கள் களத்தில் சல்லடை பிடிக்கும் பதினெட்டுப் பேருக்கும் சோறு போட்டது அந்த ஒரு ஆர்டர்தான்.

சல்லடை செட்டுக்குத் தலைவி பேச்சியம்மா. குரங்கணிக்காரி. அவரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை.

"என் முந்தியில இருந்து விழுந்திருக்கும்க்கா. பல்லு வலிக்கு ஒண்ணு ரெண்டு முடிஞ்சு வச்சிருப்பேன்" என்றார்.

நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிறகு உட்கார்ந்து, தப்பு நடந்துவிட்டது, இனி நடக்காது என்று பதில் எழுதினேன். மைதானத்தைப் பராமரிக்கிற மார்ட்டின் என்ற அந்த மனிதர், கீப்பருக்கு வாசனை பிடித்துப் போய் காயைப் பையில் போட்டுக்கொண்டார் என்று மறுபதில் போட்டார். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மறுநாளே, முந்தியை உதறிவிட்டுத்தான் களத்துக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒரு வாரம் கடைப்பிடித்தார்கள்.

2. திங்கட்கிழமை டீ

அந்த ஏலக்காய்க்குப் பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு கிளப் மீது ஒரு இது வந்தது. 'நம்ம தூளு மேல ஓடுறவுக எப்படித்தான் ஓடுறாக, பாப்போமே' என்று ஆரம்பித்தது. டிராக்டர் ஓட்டும் முருகேசன் பந்து விளையாடுகிறவன். திங்கட்கிழமை பத்து மணி டீக்கு, முந்தைய நாள் ஆட்டத்தின் துண்டு வீடியோவைப் போனில் போடுவான். கிளப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சட்டை ஊதா நிறம் என்பதால் 'ஊதாச் சட்டை' என்றே பெயர் நின்றுவிட்டது.

சீசன் ஆடியில் தொடங்கி வைகாசி வரை நீளும். பதினெட்டு டீம். கடைசி இடங்களில் நிற்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். ஊதாச் சட்டை எப்போதும் அந்த வாசலிலேயே நிற்கும். ஐந்து கோல் வாங்கிய வாரங்களில் சல்லடையும் மந்தமாகத்தான் ஓடியது. நான் கத்துவேன், யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஆஃப்சைடு என்றால் என்ன என்று முருகேசன் மூன்று வாரம் விளக்கிப் பார்த்தான். கடைசியில் பேச்சியம்மாதான் பிடித்தார். "ஜீப்புல ஆளு வர்றதுக்கு முன்னாடியே துண்டப் போட்டு எடம் பிடிக்கிறது மாதிரி. அப்படித்தானடா மாப்ளே?" என்றார். அதற்குப் பிறகு நடுவரைவிட வேகமாக எங்கள் பெண்கள் கை தூக்கினார்கள்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் களத்துப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் முன்பு விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தவர்கள். மழை, அட்டை, கொண்டை ஊசி வளைவு. ஒருமுறை ஜீப்பு கவிழ்ந்ததில் பேச்சியம்மாவுக்கு இடது கால் முறிந்து, இன்றும் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். களத்து வேலை வந்ததும் மலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கியவர்கள் அவர்கள். மறுபடி ஏற நினைத்தாலும் லேசில் முடியாது. ஆள் கூட்டும் கங்காணி மாசி, பங்குனிக்குள் அந்த வருஷத்துச் செட்டை முடித்துவிடுவார்.

3. தை மாதத்து மெயில்

பொங்கல் முடிந்த வாரம் மார்ட்டினிடமிருந்து மெயில் வந்தது. நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. அடுத்த சீசனிலிருந்து முதல் டிவிஷனில் செயற்கைப் புல் கூடாது. கிளப் முதல் டிவிஷனிலேயே நின்றால் மண் போட்டு நிஜப் புல் வளர்க்க வேண்டும், உங்கள் தூள் தேவைப்படாது. கீழே இறங்கினால் பழையபடி ஆர்டர் வரும்.

மூன்று தடவை படித்தேன். வெளியே களத்தில் பேச்சியம்மா, ஊதாச் சட்டை தப்பித்தால் சாமிக்குப் பதினொரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் காட்டினேன். ஆட்களிடம் இப்போது ஏன் சொல்லிக் கலைக்கிறீர்கள், ஊதாச் சட்டை எப்படியும் தோற்றுவிடும் அக்கா என்றார். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. அப்போது அவர்கள் கடைசிக்கு முந்தின இடம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பாழாய்ப் போனவர்கள், மாசியில் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாவதும். களத்தில் ஒரே கும்மாளம். நான் மட்டும் எரிந்து விழுந்தேன். மாய்ஸ்சர் ஒரு பாயின்ட் கூடினாலும் லோடைத் திருப்பிக் காயவைக்கச் சொன்னேன். வீட்டில், எதிர் டீம் ஆட்களின் பெயர்களை மனப்பாடம் செய்துவைத்து அவர்களுக்காக வேண்டிக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

சித்திரையில்தான் சொன்னேன். அதுவும் நானாகச் சொல்லவில்லை. 'மாசியிலயே கங்காணி ஆளு கேட்டு விட்டாக, எங்களுக்குத் தேவையில்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்' என்று டீ நேரத்தில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டதைக் கேட்டேன். உள்ளே போய் மெயிலைப் பிரின்ட் எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் தமிழில் சொன்னேன்.

பேச்சியம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது எப்ப வந்துச்சுக்கா?"

"தையில."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து சல்லடைக்குப் போய்விட்டார்.

4. கடைசி ஆட்டம்

கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஊதாச் சட்டைக்கு டிரா போதும், தப்பித்துவிடுவார்கள். தோற்றால் இறங்கிவிடுவார்கள். நமக்கு சாயந்தரம் ஆறு மணி. முருகேசன் லேப் டிவியில் போனை இணைத்திருந்தான். பதினெட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். முதலிலேயே ஓட்டுப் போட்டதுபோல முடிவெடுத்தோம்: இன்றைக்கு எதிர் டீமுக்குத்தான் கைதட்டல். வெள்ளைச் சட்டை அவர்கள். முதல் பத்து நிமிஷம் நான்தான் பலமாகத் தட்டினேன்.

இருபதாவது நிமிஷம் வெள்ளைச் சட்டை கோல் போட்டது. எங்கள் வேலை தப்பித்துவிட்டது. தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. அந்தக் கோல் கீப்பர், ஏலக்காயைப் பையில் போட்ட அதே ஆள், நம் தூளில் முகம் குப்புறக் கிடந்தார். ஒருத்தி 'அய்யோ பாவம்' என்றாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கோலே விழவில்லை. டீ ஆறிப்போனது. முடிய நாலு நிமிஷம் இருக்கையில் ஊதாச் சட்டைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பேச்சியம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல், "போட்டுருங்கப்பு. எங்களப் பாக்காதீக" என்றார்.

போட்டுவிட்டார்கள்.

யார் முதலில் எழுந்தது தெரியுமா? நான்தான். துள்ளிக் குதித்தேன். லேப் தராசு மேஜையிலிருந்து விழுந்தது. பதினெட்டுப் பேரும் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். முருகேசன் அழுதான். தொண்டை கட்டும்வரை கத்தி முடித்தபிறகுதான், எதற்காகக் கத்தினோம் என்பது ஒவ்வொருவராக உறைத்தது.

பேச்சியம்மா முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. காலையில வெரசாப் போயி கங்காணியப் பாக்கணும்" என்றார்.

போய்ப் பார்த்தார்கள். பதினோரு பேருக்குத்தான் ஜீப்பில் இடம் கிடைத்தது. மற்ற ஏழு பேரிடமும், மாசியிலேயே வந்திருந்தால் சேர்த்திருப்பேனே ஆத்தா, இப்பத்தான் வர்றீகளே என்று கங்காணி சொல்லி அனுப்பிவிட்டார். கால் இழுத்து நடப்பவரை யாரும் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. அந்த ஏழில் பேச்சியம்மாவும் ஒருத்தர்.

இதை ஊதாச் சட்டையின் கணக்கில் எழுத முடியாது. அவர்கள் தங்கள் ஆட்டத்தை ஒழுங்காக ஆடினார்கள். தை முதல் சித்திரை வரை மெயிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு தூளின் உப்பளவைக் காட்டும் ஈ.சி. பார்ப்பது, மாய்ஸ்சர் பார்ப்பது எல்லாம் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். இதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். யார் பிழைப்பைப் பற்றிய சேதியோ, அது முதலில் அவர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் கலங்குவார்களா மாட்டார்களா என்று தீர்மானிக்க நாம் யார்?

ஆவணியில் தக்காளி வளர்க்கும் பார்ட்டி ஒன்று கிடைத்தது. பாதி ஆர்டர்தான், ஏழு பேருக்கு வேலை வரும். நானே குரங்கணிக்குப் போனேன். பேச்சியம்மா உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். ஊதாச் சட்டை இப்போது நிஜப் புல்லில் ஆடுகிறதாமே, முருகேசன் சொன்னான் என்று பேசிக்கொண்டிருந்தார். வேலை விஷயத்தைச் சொன்னேன்.

"வர்றேன். ஆனா இனிமே மெயிலு வந்தா, அன்னைக்கே எங்களுக்குப் படிச்சுக் காட்டணும். நல்லதோ கெட்டதோ."

இப்போது பத்து மணி டீக்குக் களத்தில் மெயில் படிக்கிறோம். நான் ஒரு வரியைத் தாண்டினாலும் பேச்சியம்மா கண்டுபிடித்துவிடுகிறார்.