பன்னிரண்டாவது வாணம்

இன்று காலை மாத்திரைகளை மூன்று தரம் எண்ணினேன். ஏழு. குடிபெயர்ந்து வந்த டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக்கு ஏறும்போது லிஃப்ட் கடக்கும் தளங்களையும் எண்ணுவேன். பேத்திக்கு அது சிரிப்பு. நேற்று அவள் போனில் ஒரு பழைய படம் காட்டினாள். பின்னால் ராக்கெட்டுகள் கட்டிய கார் ஒன்று புகை கக்கிக்கொண்டு ஓடியது. "உது கிறேசி, என்ன அப்பப்பா?" என்றாள். நான் அதற்குள் ராக்கெட்டுகளை எண்ணத் தொடங்கியிருந்தேன்.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது, யாழ்ப்பாணத்தில் என் சின்ன மாமா அப்படி ஒன்று செய்தார். ஜெர்மனியில் காருக்கும் பிறகு விமானத்துக்கும் ராக்கெட் பூட்டிப் பார்த்ததை வாசிகசாலையில் படித்திருந்தார். விமானமோட்டிப் பயிற்சிக்கு அவர் விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்திருந்தது. இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் ஒரு வண்டியாவது ஓட்டிவிட வேண்டும் என்று நின்றார். நான்கு சில்லு, ஒரு பலகை, கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டுபவரிடம் வாங்கிய பன்னிரண்டு வாணங்கள். அடுத்தது இறக்கை என்றார்.

புது வாகனம் என்றால், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் எங்கள் வீட்டில் நகராது. பள்ளிக்கூட மைதானத்துக்கே வந்து அம்மா நான்கு தேசிக்காய் வைத்தார். தண்ணீரையும் தாராளமாகத் தெளித்தார். கடைசி வாணத்தின் திரி நனைந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

பாரம் குறைந்தவன் என்று நான்தான் ஏறுவதாக இருந்தது. மாமா என்ன நினைத்தாரோ, கடைசி நேரத்தில் என்னை இறக்கிவிட்டு ஒரு மண்மூட்டையை வைத்தார். நான் அழுதேன்.

"நீ எண்ணடா. ஒவ்வொண்டாச் சீறும். பன்னிரண்டும் முடிஞ்சாத்தான் நான் கிட்டப் போகலாம்."

அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கும் இனிப்பைப் போலத்தான் அந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

வண்டி தேசிக்காய்களை நசித்துக்கொண்டு புறப்பட்டு, நாற்பது யார் தூரம் ஓடி வேலியில் மோதி நின்றது. ஒன்பது வரை எண்ணினேன். அப்போது என் இடத்தில் அந்த மூட்டை சொகுசாக இருப்பது கண்ணில் பட்டது. மறுபடி அழுகை வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"எத்தினையடா?" என்று மாமா கேட்டார்.

"பன்னிரண்டு."

அவர் ஓடிப்போய் வண்டியின் பின்னால் குனிந்தார். நனைந்த திரி அவ்வளவு நேரமும் மெல்லப் புகைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். அப்பா கட்டிலருகே நின்று மாமாவை ஏசினார்.

"உனக்குப் பன்னிரண்டு எண்ணத் தெரியாதோ?"

"ஓம் அத்தான். நான்தான் பிழையா எண்ணிப்போட்டன்."

பிறகு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக முப்பத்தொரு வருடம் இருந்தபோதும், கேட்டவர்களுக்கெல்லாம் மாமா அதையேதான் சொன்னார். எனக்கோ அன்று, என்னிடம் கேட்டதை அவர் மறந்துவிட்டார் என்றுதான் பட்டது. தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் பசி வந்தது. அவருக்கென்று கொண்டுவந்த தோடம்பழங்களில் இரண்டைச் சாப்பிட்டேன். மாமாதான் தடவித் தடவி உரித்துத் தந்தார்.