மைக்கில் சொன்ன பேர்

மேச்சேரிப் பக்கம் எங்கள் தகரக் கூரைச் சபையில் ராசம்மாள் ஜெபம் பண்ண எழுந்தால் பாஸ்டரே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஞானஸ்நானத்தில் அவளுக்குச் சாராள் என்று பேர் வைத்தார்கள். ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான். கஞ்சி வைத்துக் கொடுப்பாள், துணி அலசிப் போடுவாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அத்தனை பேருக்காகவும் பேர், ஊர், நோய் எல்லாம் மைக்கில் சொல்லி மன்றாடுவாள். ஆண்டவருக்கு விலாசம் தெரியாதா என்று கிண்டல் பண்ணுவோம். தங்கள் பேர் வராத வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களும் எங்களில் உண்டு. அவளைக் கெடுத்ததில் எங்களுக்கும் பங்கிருக்கிறது.

எங்கள் சபைப் பிரவீனாவின் புருஷன் தனபால் போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போகிறவன். போன வருஷம் ஊர் திரும்பியதிலிருந்து சரியாகத் தின்பதில்லை, தூங்குவதில்லை. ஒருநாள் உயிரை விடப் பார்த்தான். பிரவீனா கதவை உடைத்துக் காப்பாற்றினாள். வெளியே தெரிந்தால் எந்த வண்டியிலும் சேர்க்க மாட்டார்கள், யாரிடமும் சொல்லாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவளால் தனியாகத் தாங்க முடியவில்லை. இது உங்களோடு இருக்கட்டும் என்று ராசம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

ராசம்மாள் அக்கம்பக்கத்தில் ஒருத்தரிடம்கூட மூச்சு விடவில்லை. ஆனால் ஜெபம் ஆண்டவரிடம் பேசுவது, ஊரிடம் பேசுவதல்ல என்று அவள் உண்மையாகவே நம்பினாள். வெள்ளிக்கிழமை கண்ணை மூடி, கண்ணீர் வடிய, மைக்கைப் பிடித்தாள்.

"அப்பா, நம்ம தனபால் தம்பியச் சாகச் சொல்லித் தூண்டற பிசாசத் தொரத்துங்கப்பா. பிரவீனா தாலியக் காப்பாத்துங்கப்பா."

குழாய் ஸ்பீக்கர் ரோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தது. எதிர் டீக்கடையில் தனபால் உட்கார்ந்திருந்தான். டம்ளரை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனான்.

மறுநாளே போர்வெல் வண்டிக்காரர் போன் பண்ணி, கொஞ்ச நாள் வீட்டில் இருப்பா என்றார். நாங்கள் என்ன செய்தோம்? எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டோம். மேட்டூருக்கோ சேலத்துக்கோ டாக்டரிடம் கூட்டிப் போவோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக்கூட ஆளில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. ராசம்மாள் மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கு முன்பே தனபால் போய்விட்டான். இந்தத் தடவை பிரவீனா வீட்டில் இல்லை. ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

அடக்கத்துக்குச் சபை முழுவதும் திரண்டு வந்தது. எடுப்பதற்கு முன் பாஸ்டர் வழக்கப்படி ராசம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் முக்காடு போட்டு முன்னால் வந்தாள். அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த பிரவீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"செபம் பண்ணுங்கக்கா. அவரு பேர மட்டும் சொல்லிராதீங்க."

ராசம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு முக்காட்டை இறக்கினாள். அப்படியே பிரவீனாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிரவீனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.